நோட்டா, எக்செலா, ஆப்பா: நாணயச் சேகரிப்புக்கு எந்தப் பட்டியல்?

சேகரிப்பு சின்னதாக இருக்கிறவரை பட்டியல் தேவைப்படாது. எது கையில் இருக்கிறது, எது இல்லை என்பது மனதிலேயே நிற்கும். எண்ணிக்கை சில நூறைத் தாண்டும்போதுதான் சிக்கல். ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்குவோம், நல்ல பிரதி எந்த ஆல்பத்தில் போனது என்று அலசுவோம், யாரிடம் என்ன விலைக்கு வாங்கினோம் என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் கட்டத்தில் எல்லாரும் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பட்டியல் நாணயத்தின் வகையைக் குறிக்கப் போகிறதா, கையில் இருக்கும் அந்த ஒரு காசைக் குறிக்கப் போகிறதா?

"மேற்கு ஜெர்மனி, 1 மார்க், 1975" என்பது வகை. அதன் உலோகம், எடை, விட்டம், எவ்வளவு அடித்தார்கள் என்பதெல்லாம் அந்த வகைக்குப் பொது. நாணய அட்டவணை எதைத் திறந்தாலும் கிடைக்கும். உங்கள் நோட்டு தொலைந்துபோனாலும் வேறு இடத்தில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் உங்களிடம் இருப்பது ஹாம்பர்க்கில் அடித்த ஜே எழுத்துக் காசா, கார்ல்ஸ்ரூவின் ஜி எழுத்துக் காசா? விளிம்பில் எங்கே அடிபட்டிருக்கிறது? தராசில் என்ன காட்டியது? யாரிடமிருந்து வந்தது, எந்தப் பெட்டியில் கிடக்கிறது? இதையெல்லாம் உங்களைத் தவிர வேறு யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் போனது போனதுதான். ஆகவே நோட்டு முதல் ஆப் வரை ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்: அந்த ஒற்றைக் காசைப் பற்றிய விவரத்தை அது எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது? பல வருடம் கழித்து அந்த விவரத்தைத் திரும்பத் தருமா?

நோட்டுப் புத்தகம்

பழசு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அருங்காட்சியகங்களில் நூறு ஆண்டுகளுக்கு முன் மையால் எழுதிய பதிவேடுகளை இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது. நூறு ஆண்டு வேண்டாம், முப்பது ஆண்டுக்கு முந்தைய கணினிக் கோப்பையே இன்று திறப்பது நிச்சயமில்லை. ஒற்றைக் காசைப் பற்றி எழுதவும் நோட்டு நன்றாகவே இடம் கொடுக்கும். கட்டம், வரம்பு எதுவும் இல்லாததால் "முன்பக்கத்தில் மூக்குக்குக் கீழே கீறல், அலமாரியோடு மொத்தமாக வந்தது" என்று மனதில் பட்டதை அப்படியே எழுதலாம்.

பலவீனங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. தேட முடியாது, வரிசை மாற்ற முடியாது, படம் வைக்க முடியாது, இருப்பது ஒரே பிரதி. ஒரு நாட்டின் ஒரே முகமதிப்பை மட்டும் ஆண்டு வாரியாகச் சேர்க்கிறவருக்கு இவை பெரிய குறைகள் அல்ல. உலகம் முழுவதும் கைவைக்கிறவருக்கு நோட்டு சீக்கிரமே போதாமல் போகும். நோட்டுதான் என்று முடிவெடுத்தால் நாட்டுக்கு இத்தனை பக்கம் என்று முன்கூட்டியே ஒதுக்காதீர்கள். ஒரு நாட்டின் பக்கம் நிரம்பி வழியும், இன்னொன்று காலியாகவே கிடக்கும். வந்த வரிசையில் எண் போட்டு எழுதிக்கொண்டே போங்கள். மாதத்துக்கு ஒருமுறை புதுப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் இரண்டாவது பிரதியும் ஆயிற்று.

நோட்டின் இன்னொரு வடிவம் அட்டைகள், காசுக்கு ஒன்று. வரிசை மாற்றலாம், ஆனால் ஓர் அட்டை தவறினால் தவறியதே தெரியாது. பழைய சேகரிப்பாளர்கள் தட்டுக்குழியில் காசுக்கு அடியில் வட்டமாக வெட்டிய சிறு காகிதத்தை வைப்பார்கள். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், எழுத்து புரியாவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காசு யார் கையிலெல்லாம் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

எக்செல் போன்ற விரிதாள்

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் எளிது. என்ன கட்டம் வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள், கோப்பும் உங்களுடையது. எக்செலில் செய்ததை லிப்ரேஆபிஸில் திறக்கலாம், கூகுள் ஷீட்ஸில் ஏற்றலாம். எதுவும் சரிவராவிட்டால் சி.எஸ்.வி. என்ற வெற்று எழுத்துக் கோப்பாக மாற்றிவிடலாம். அதை எந்தக் கணினியும் படிக்கும்.

ஆனால் எக்செல் கணக்கு வழக்குக்காகச் செய்தது, நாணயத்துக்காக அல்ல. சில இடங்களில் அது அதிபுத்திசாலித்தனம் காட்டும். முகமதிப்புக் கட்டத்தில் அரை என்பதை 1/2 என்று அடித்துப் பாருங்கள், அதைத் தேதியாக மாற்றி வைத்துவிடும். உலக நாணய அட்டவணையைத் தொகுத்த கிராஸ், மிஷ்லர் இருவர் பெயரால் வழங்கும் கே.எம். எண்களில் ஒரே வகையின் உட்பிரிவுகளைப் புள்ளி போட்டுப் பிரிப்பார்கள். 12.1 ஓர் உட்பிரிவு, 12.10 வேறொன்று. எக்செலுக்கு இரண்டும் ஒரே எண், கடைசிச் சுழியத்தை விழுங்கிவிடும். 0045 என்று எண் கொடுத்தால் 45 ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, எழுத ஆரம்பிக்கும் முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுவது. பின்னால் மாற்றினால் ஏற்கெனவே கெட்டது திரும்பி வராது.

ஆண்டு இன்னும் பெரிய தலைவலி. காசின் மேல் இருக்கும் ஆண்டை அப்படியே எழுத ஒரு கட்டம், நாம் புழங்கும் ஆங்கில ஆண்டை எழுத இன்னொரு கட்டம் என்று இரண்டு வேண்டும். தாய்லாந்துக் காசில் 2500 என்று இருந்தால் அது 1957. ஜப்பானில் ஒவ்வொரு பேரரசருக்கும் தனி ஆண்டுக்கணக்கு, அதில் ஷோவா 64-ம் ஹெய்செய் 1-ம் ஒரே 1989தான். அந்த ஜனவரி 7 அன்று பேரரசர் ஹிரோஹிதோ இறந்ததால் மறுநாளே புது ஆண்டுக்கணக்கு தொடங்கிவிட்டது. ஒரே கட்டம் வைத்து, சில இடத்தில் காசில் உள்ளதையும் சில இடத்தில் மாற்றிய ஆண்டையும் எழுதினால் வரிசைப்படுத்தும்போது தாய்லாந்துக் காசுகள் எதிர்காலத்தில் போய் நிற்கும். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டோடு சரியாகப் பொருந்தாது, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். அங்கே முதல் ஆண்டையே எழுதுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும், எந்த விதி என்பது முக்கியமில்லை. மரியா தெரேசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளிக் காசு இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். அரசி இறந்த 1780-ஐயே தாங்கி, வியன்னா மட்டுமல்லாமல் ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் என்று பல நாணயச்சாலைகளில் இருபதாம் நூற்றாண்டு வரை அடித்தார்கள். உங்கள் பட்டியலில் 1780 என்று மட்டும் இருந்தால், மூன்று தாலர் வைத்திருந்தாலும் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். "அடித்த காலம், இடம்" என்று குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தால்தான் பிரியும்.

இவை தவிர என்னென்ன கட்டம் வைக்கலாம்? நாட்டை விட வெளியிட்ட அரசு என்று எழுதுவது நல்லது, ஏனென்றால் நாடுகள் உடைகின்றன, சேர்கின்றன. முகமதிப்பு, நாணயச்சாலைக் குறி (எங்கே அடித்தது என்று காட்டும் அடையாளம்), கே.எம். போன்ற அட்டவணை எண், நீங்களே நிறுத்த எடை, கிடைத்த தேதி, கொடுத்தவர், தபால் செலவோடு சேர்த்துக் கொடுத்த விலை, இருக்கும் இடம் இவை கட்டாயம். குறி எழுத்தாக இல்லாமல் இந்திய நாணயங்களில் போல நட்சத்திரமாகவோ வைரமாகவோ புள்ளியாகவோ இருந்தால் வார்த்தையில் எழுதுங்கள். குறியே இல்லையென்றாலும் "இல்லை" என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் குறி இல்லையா, நாம் பார்க்கவில்லையா என்று பிறகு தெரியாது. தரநிலைக்கு, அதாவது காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதற்கு, இரண்டு கட்டம் வைப்பேன், விற்றவர் சொன்னது ஒன்று, நான் பார்த்து முடிவு செய்தது ஒன்று. வில்லியம் ஷெல்டன் 1949-ல் கொண்டுவந்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஆனாலும் ஒருவர் கண்ணுக்கு 45 ஆகப் படுவது இன்னொருவர் கண்ணுக்கு 40 ஆகலாம். யார் சொன்னது என்பதும் தகவல்தான்.

"இன்றைய மதிப்பு" என்ற கட்டத்தை மட்டும் சேர்க்காதீர்கள் என்பேன். நிரப்பும்போது ஆசையாக இருக்கும், அடுத்த வருடமே பொய்யாகிவிடும். காப்பீட்டுக்கோ விற்கவோ தேவைப்பட்டால் அப்போது தனியாக ஒரு பட்டியல் எடுத்து, எந்தத் தேதி மதிப்பு என்று எழுதிக்கொள்ளலாம்.

படங்களைக் கோப்புக்குள் ஒட்டினால் கோப்பு பெருத்துத் திறக்கவே நேரமாகும். தனி ஃபோல்டரில் வைத்து, காசின் எண்ணையே படத்தின் பெயராக்குங்கள், 0417 முன், 0417 பின் என்று. வண்ணத்தால் அடையாளம் வைக்கும் பழக்கமும் வேண்டாம். சிவப்பு என்றால் மாற்றிக்கொள்ளக் கொடுப்பது, மஞ்சள் என்றால் சந்தேகம் என்று வைத்திருந்தால், சி.எஸ்.வி.யாக மாற்றிய நொடியில் அவ்வளவும் மறைந்துவிடும்.

இணைய அட்டவணைகள்

நியூமிஸ்டா, கோல்நெக்ட் இரண்டும் பலருக்குப் பழக்கமானவை. நியூமிஸ்டா 2007-ல் தொடங்கியது, உறுப்பினர்களே தகவல் சேர்த்து வளர்த்தது. உங்களிடம் இருக்கும் ஆண்டைத் தொட்டால் போதும், சேர்ந்துவிடும். படம், எடை, விட்டம், ஆண்டுக்கு எவ்வளவு அடித்தார்கள் என்பது எல்லாம் அங்கேயே தயாராக இருக்கிறது. எந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது என்று பார்க்கவும், இரட்டைப் பிரதிகளை மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளவும் இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது. அடையாளம் தெரியாத காசைக் கண்டுபிடிக்கவும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ஆனால் இத்தளங்களின் அடிப்படை அலகு வகைதான். நிலை, விலை, குறிப்பு எழுத நியூமிஸ்டாவில் இடம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அந்த வசதியே சோம்பலைத் தருகிறது. ஒரு தொடுதலில் "இருக்கிறது" என்று ஆகிவிடும்போது யார் உட்கார்ந்து எடை எழுதுவார்கள்? விளைவாக, வகைப் பட்டியல் பிரமாதமாக இருக்கும், தனிக் காசைப் பற்றி ஒன்றுமே இருக்காது. இன்னொரு கவலையும் உண்டு. தளம் உங்களுடையது அல்ல. விதிகள் மாறலாம், கட்டணம் வரலாம், மூடப்படலாம். வருடத்துக்கு இரண்டு முறையாவது உங்கள் சேகரிப்பை விரிதாளாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்கால நாணயங்கள் சேர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. ரோமப் பேரரசுக் காசுகளுக்கு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ஓ.சி.ஆர்.இ. தளம் அடையாளம் காண உதவும். அது அறிஞர்கள் பயன்படுத்தும் ஆர்.ஐ.சி. என்ற ரோமப் பேரரசு நாணய நூல்வரிசையின் எண்களைப் பின்பற்றுகிறது. ஆனால் அது உங்கள் சேகரிப்பைக் கணக்கு வைக்கிற இடமல்ல. எண்ணை அங்கே பார்த்து உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்களின் சொந்தப் பட்டியல்கள் முக்கியமாக அவர்கள் தரம் பார்த்துப் பெட்டியில் அடைத்த காசுகளுக்காகவே அமைந்தவை.

படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அடையாளம் காண ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், பதிவேடாக வைத்துக்கொள்ள முடியாது. 1982-ம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் காசு இரண்டு உலோகத்தில் வந்தது. பெரும்பகுதி செம்பாலான பழையது 3.11 கிராம், துத்தநாகத்தின் மேல் செம்புப் பூச்சுடைய புதியது 2.5 கிராம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தராசு சொல்வதைக் கேமரா சொல்லாது.

தனி மென்பொருள்

ஓப்பன்நியூமிஸ்மேட் இலவசம், மூல நிரலும் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எனக்குப் பிடித்த அம்சம் வேறு. தகவலை எஸ்.க்யூ.லைட் என்ற பொதுவான வடிவத்தில் ஒரே கோப்பாக வைக்கிறது. நாளைக்கு அந்த மென்பொருளே நின்றுபோனாலும் வேறு கருவியால் கோப்பைத் திறக்கலாம். அதில் கட்டங்கள் நாணயவியலை அறிந்தவர்கள் அமைத்தவை, படமும் பதிவோடு சேர்ந்தே இருக்கும். ஆயிரத்தைத் தாண்டிய, படத்தோடு பார்க்க விரும்பும் சேகரிப்பாளருக்கு எக்செலை விட இதுவே மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். கற்றுக்கொள்ள ஒரு வாரக்கடைசி போகும், அவ்வளவுதான்.

கட்டண மென்பொருள் எதையாவது வாங்குவதாக இருந்தால் வாங்கும் முன் ஒன்றே ஒன்றைச் சோதியுங்கள். சோதனைப் பதிப்பில் பத்து காசுகளைப் போட்டு, எல்லாக் கட்டங்களோடும் சி.எஸ்.வி.யாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். குறிப்புக் கட்டம் விடுபட்டால், அல்லது வெளியே எடுக்கவே வழி இல்லையென்றால், அதன் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பெட்டிக்குள் எந்த வரிசை?

பட்டியலை நினைத்தபோது நினைத்தபடி அடுக்கலாம். பெட்டிக்கு ஒரே வரிசைதான். நாடு வாரியாக அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், புதிதாக நான்கு வந்தால் மொத்த ஆல்பத்தையும் நகர்த்த வேண்டும். அளவு வாரியாக அடுக்கினால் காசை வைக்கும் ஹோல்டர்கள் ஒழுங்காகப் பொருந்தும், பார்க்க ஒரு கதையும் இருக்காது. வந்த வரிசையில் எண் போட்டு அடுக்குவதுதான் மிகக் குறைந்த வேலை. எந்தக் காசு எங்கே என்று பட்டியலே சொல்லிவிடும். மற்றவர்களுக்குக் காட்டுவதில் மகிழ்ச்சி காண்பவர் என்றால், காட்ட வேண்டிய ஒரு தொடரை மட்டும் ஆல்பத்தில் நாடு வாரியாக வைத்து, மீதியை வந்த வரிசையில் விடலாம். பலருக்கு இந்தக் கலவையே சரிப்படும்.

எப்படி அடுக்கினாலும் எண்தான் பட்டியலையும் பெட்டியையும் கட்டும் கயிறு. அருங்காட்சியகங்கள் செய்வதுபோல ஆண்டும் வரிசை எண்ணும் சேர்த்து, 2024-031 என்று வைக்கலாம். காசை விற்றுவிட்டாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். வரியை அழிக்காமல் "விற்றது" என்று தேதியோடும் விலையோடும் குறித்துவிடுங்கள். எண்ணை ஹோல்டரில் எழுத வேண்டும், அதுவும் காசை உள்ளே வைக்கும் முன். அட்டை ஹோல்டரில் ஸ்டேப்ளர் ஊசியின் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். மென்மையான பி.வி.சி. உறைகள் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பை விடும். பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் இரண்டும் பாதுகாப்பானவை. மரத்தட்டு வாங்கினால் மகோகனி நல்லது, ஓக் மரம் அமில ஆவியை விடும்.

இருக்கும் இடத்தை எழுதுவதிலும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். "பெட்டி 2, தட்டு 4, குழி 17" என்பது போதும். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை இணையத்தில் ஏறும் கோப்பில் எழுத வேண்டியதில்லை. கைபேசியில் எடுக்கும் படங்களோடு எடுத்த இடமும் பதிவாகலாம், பொதுவில் போடும் முன் அதை நீக்கிவிடுங்கள். பட்டியலின் ஒரு நகல் காசுகள் இல்லாத வேறோர் இடத்தில் இருக்கட்டும். திருடனோ தீயோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் காப்பீட்டுக்காரரிடம் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

சரி, யாருக்கு எது? ஒரே தொடரைச் சேர்க்கிறவருக்கு நோட்டும் நியூமிஸ்டா கணக்கும் போதும். பல நாடுகள், சில நூறு காசுகள் என்றால் எக்செல். அதில் ஒரு கட்டத்தில் நியூமிஸ்டா எண்ணை எழுதிவிட்டால், வகைத் தகவல் எதையும் நீங்கள் தட்டச்ச வேண்டியதில்லை. தனிக் காசின் விவரம் உங்கள் கோப்பில், மற்றதெல்லாம் அங்கே. ஆயிரத்துக்கு மேல், படமும் வேண்டும் என்றால் ஓப்பன்நியூமிஸ்மேட். கைபேசி ஆப் மட்டும் போதும் என்பவருக்கு நான் சொல்வது, இறக்கிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பாருங்கள் என்பதுதான்.

ஏற்கெனவே குவிந்து கிடப்பதை என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் தொடங்குவதே இல்லை. முதல் பெட்டியிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள், பாதியில் நின்றுவிடும். இன்றிலிருந்து வருவதை அன்றன்றே எழுதுங்கள். அப்புறம், தொலைந்தால் வருத்தப்படும் காசுகளை முதலில் எடுங்கள், அவை சில டஜன்தான் இருக்கும். அவற்றை யாரிடம் வாங்கினீர்கள் என்ற ஞாபகம் இன்னும் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், எடையைப் பிறகுகூட நிறுக்கலாம். மீதி, பையில் கிடக்கும் சில்லறைக் காசுகளுக்கு ஒரு பைக்கு ஒரு வரி: "கலவை, இன்னும் பிரிக்கவில்லை", பக்கத்தில் பையின் எடை.